சடச்சி வில்லுக்கு மேல்பூச்சு: எண்ணெயா, அரக்கா, வார்னிஷா?

சடச்சிக்கொம்பு (கொழிஞ்சாம்பாறை)

வில்லின் வளைவு சீராகிவிட்டது. 66 அங்குல நீளம், 28 அங்குலம் இழுக்க 42 பவுண்டு விசை. ஒரே சடச்சி மரக் கட்டையில் செதுக்கியது. பிடியின் இருபுறமும் மட்டும் பழைய கட்டில் காலிலிருந்து அறுத்த ஈட்டி மரத் துண்டுகளை ஒட்டியிருக்கிறேன். சுரண்டி வேலை முடிந்து 320 எண் உப்புத்தாளும் போட்டாயிற்று. மேலே என்ன பூசுவது என்பதில்தான் நிற்கிறேன்.

வெளிநாட்டு வில்லாளர்கள் எழுதியதைப் படித்தால் ஆளுக்கொரு மந்திரம். ஆளிவிதை எண்ணெய் என்கிறார் ஒருவர், படகு வார்னிஷ் என்கிறார் மற்றொருவர், துப்பாக்கிக் கட்டைக்குப் போடும் எண்ணெய்தான் உலகத்திலேயே சிறந்தது என்கிறார் மூன்றாமவர். அவர்கள் ஊரில் நம் பாலக்காட்டுக் கணவாய் கிடையாது. நம் பக்கம் தை மாதக் கிழக்குக் காற்றில் கதவுச் சட்டம் சுருங்கி இடுக்கு விடுகிறது. இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் அதே கதவைத் தோளால் முட்டித்தான் சாத்த முடிகிறது. இரண்டையும் இந்த வில் தாங்க வேண்டும். பெயின்ட் கடையில் கேட்டேன். "மேசையா, கதவா?" என்றார். வில் என்றதும் ஒரு டப்பாவை அலமாரியிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

வைக்கோல் இலக்கில் எய்வதற்கு மட்டும்தான். வேட்டைப் பேச்சு வேண்டாம்.

ஆளிவிதை (பொள்ளாச்சி)

யோசிக்கவே வேண்டாம் தம்பி. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். துணியில் தொட்டுத் தேயுங்கள், கால் மணி நேரம் ஊறவிடுங்கள், மிஞ்சியதைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். முதல் வாரம் தினமும், பிறகு மாதம் முடியும்வரை வாரம் ஒருமுறை, பிறகு ஆண்டு முடியும்வரை மாதம் ஒருமுறை, அதன் பின் ஆண்டுக்கொரு முறை. இது பழைய கணக்கு.

பச்சை எண்ணெய் வாங்கிவிடாதீர்கள். அது காய வாரக்கணக்கில் ஆகும். டப்பாவில் 'காய்ச்சியது' என்று இருக்க வேண்டும். அதில் சீக்கிரம் உலர்வதற்கான உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். கிரிக்கெட் மட்டைக்குக் காலங்காலமாக ஆளிவிதை எண்ணெய்தானே பூசுகிறார்கள்? அந்த வில்லோ மரம் பந்தடி தாங்குகிறது. உங்கள் சடச்சி தாங்காதா?

வார்னிஷ் பூசிய வில்லைக் கையில் எடுத்தால் பிளாஸ்டிக்கைத் தொடுவது போல இருக்கும். அப்புறம் உங்கள் விருப்பம்.

இழைப்புளி (செங்கோட்டை)

பொள்ளாச்சிக்காரர் மட்டையைக் கொண்டு வந்து வில்லுக்குச் சாட்சி சொல்ல வைக்கிறார். மட்டை வளைவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதற்கு எண்ணெய் விடுவது, அளவுக்கு மீறிக் காய்ந்து பிளக்காமல் இருக்க. வில்லுக்கு உள்ள பயம் இரண்டு பக்கமும்: காய்ந்தால் முறியும், ஊறினால் சோம்பிப்போகும். நாணைக் கழற்றிய பிறகும் வளைந்தே நிற்கும் வில்லைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் ஊரில் சாரல் பிடித்த பிறகு எய்த வில் எல்லாம் அப்படித்தான் ஆகும்.

எண்ணெய் தண்ணீரைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. இதுதான் விஷயமே. வில் மீது ஒரு குவளைத் தண்ணீரைக் கொட்டினால் முத்து முத்தாக உருண்டு ஓடும். பார்ப்பவருக்கு ஆகா என்றிருக்கும். அதே வில்லை ஆரியங்காவுக் கணவாயிலிருந்து வரும் சாரல் காற்றில் திண்ணையில் ஒரு மாதம் மாட்டி வைத்தால், எண்ணெய் பூசாத மரம் எவ்வளவு ஈரம் குடித்ததோ அவ்வளவையும் இதுவும் குடித்திருக்கும்.

நான் சொல்வது அரக்கு. தட்டரக்கை, அதாவது சின்னத் தகடுகளாக விற்கும் அரக்கை, ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சுத் துணியால் தேய்க்கும் பிரெஞ்சு பாலிஷ்தான். லிட்டருக்கு 120 கிராம் போட்டால் மெல்லிய கரைசல், 240 போட்டால் கெட்டி. மெல்லியதாகவே பல தடவை தேயுங்கள். ஆவியை அடக்குவதில் எண்ணெய் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை மணி நேரம் போதும். எங்கோ அசலூரிலிருந்து கப்பலில் வர வேண்டிய பொருளும் அல்ல. ஜார்க்கண்டில் குசும மரத்திலும் பலாச மரத்திலும் பூச்சி வைத்து எடுப்பது. ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும்மில் 1924இல் இதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள்.

ஏலத்தோட்டம் (கம்பம்)

அரக்கு மாளிகை கட்டினவன் கதை என்னவாயிற்று என்று நினைவிருக்கட்டும். வெயிலில் காருக்குள் வைத்தால் கையோடு ஒட்டிக்கொண்டு வரும்.

ஈரமானி (பாலக்காடு)

இழைப்புளி அண்ணன் சொன்னதற்கு எண்கள் தருகிறேன், பேச்சு நேராகப் போகட்டும்.

மரம் சுற்றியுள்ள காற்றோடு கணக்குத் தீர்த்துக்கொண்டே இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 40 சதவீதமாக நிலைத்திருந்தால் மரத்துக்குள் ஏறத்தாழ ஏழரை சதவீத ஈரம் தங்கும். 60 என்றால் பத்தரை. 80 என்றால் பதினைந்தரை. 90 என்றால் 20. வில்லுக்கு நல்லது 8 முதல் 10 வரை. அதாவது காற்று 45 முதல் 55க்குள் இருக்க வேண்டும். பாலக்காட்டில் அப்படியான காற்று கிடைப்பது வருடத்தில் கொஞ்ச நாள்தான். தை, மாசியில் மதிய வேளையில் என் கருவி 40க்குக் கீழே இறங்குகிறது. ஆனி, ஆடியில் 85க்குக் கீழே வருவதே அதிசயம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத வாசல் இது. இரண்டு பக்கக் காற்றும் இந்த வழியாகத்தான் போய் வருகிறது.

ஈரம் கூடினால் என்ன ஆகும்? மரத்தில் ஒரு சதவீதம் ஈரம் ஏறினால் விறைப்பு சுமார் 2 சதவீதம் குறையும். அது பரவாயில்லை, 42 பவுண்டு 41 ஆகும். ஆனால் நார் வாக்கில் நசுக்கும் அழுத்தத்தைத் தாங்கும் வலு 5, 6 சதவீதம் குறையும். வில்லின் முதுகு (இலக்கைப் பார்க்கும் பக்கம்) இழுபடுகிறது, வயிறு (எய்பவரைப் பார்க்கும் பக்கம்) நசுங்குகிறது. வயிறுதான் முதலில் தோற்கும். நிரந்தர வளைவு வருவது இதனால்தான். சடச்சியின் குற்றம் அல்ல.

அமெரிக்காவில் மேடிசனில் உள்ள வன விளைபொருள் ஆய்வகம் பூச்சுகளை ஈரக் காற்றில் வைத்துச் சோதித்து அட்டவணை வெளியிட்டிருக்கிறது. ஆளிவிதை எண்ணெய் மூன்று பூச்சு பூசினாலும் இரண்டு வாரத்தில் வெறும் மரத்தோடு சமமாகிவிடுகிறது. அரக்கு பூச்சு கூடக் கூட நன்றாகத் தடுக்கிறது. உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கியது எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. ஆனால் மெழுகில் முக்கிய வில்லை யார் பிடிப்பது? எந்தப் பூச்சும் ஈரத்தை நிறுத்துவதில்லை, தாமதப்படுத்துகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சடச்சிக்கொம்பு (கொழிஞ்சாம்பாறை)

நன்றி. வீட்டில் பாட்டி இடையில் புகுந்து, "கதவுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய்தானே தடவினோம், ஐம்பது வருடமாக நிற்கவில்லையா?" என்கிறார். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், புன்னை எண்ணெய் இவற்றில் எதுவும் ஆகாதா? பதில் சொல்லாமல் இந்த வீட்டில் வார்னிஷ் டப்பாவைத் திறக்க முடியாது.

ஈரமானி (பாலக்காடு)

பாட்டியிடம் அயோடின் எண் என்று ஆரம்பிக்காதீர்கள். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். ஓர் எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு தோலாக இறுகுமா என்பதை அந்த எண் காட்டும். 130க்கு மேல் இருந்தால் உலரும் எண்ணெய். ஆளிவிதை 170க்கு மேல். சீன டங் எண்ணெய் 160க்கு மேல். நல்லெண்ணெய் 110ஐ ஒட்டி நிற்கும்; பிசுபிசுக்கும், முழுதாக இறுகாது. தேங்காய் எண்ணெய் பத்துக்குப் பக்கத்தில். அது நூறு வருடம் ஆனாலும் எண்ணெயாகவே இருக்கும், தூசியைப் பிடிக்கும், மழைக்காலத்தில் பூஞ்சைக்கும் இடம் கொடுக்கும். பாட்டியின் கதவு நிற்பது தேக்கினால், தேங்காயினால் அல்ல.

ஆளிவிதை பூசுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிப் போடுங்கள்.

வள்ளக்கரை (நீரோடி)

மரத்தை ஈரத்திலிருந்து காப்பது எங்களுக்கு வீட்டு விஷயம் என்பதால் எழுதுகிறேன். கேரளக் கரையிலும் எங்கள் கரையிலும் மர வள்ளங்களுக்கு, அதாவது படகுகளுக்கு, இரண்டு பொருள் உண்டு. ஒன்று மீன் எண்ணெய். சாளை எண்ணெய், சுறா எண்ணெய். மற்றொன்று அண்டி எண்ணெய், அதாவது முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுப்பது. கொல்லத்து முந்திரிச் சாலைகளிலிருந்து வரும். கறுப்பாக, கெட்டியாக, பூசிக் காய்ந்தபின் மரத்தை விட்டுப் போகாமல் நிற்கும். புழுவும் சீக்கிரம் கிட்ட வராது. ஆலப்புழைப் பக்கத்துப் பந்தயச் சுண்டன் வள்ளங்களுக்கு மீன் எண்ணெயோடு சிரட்டைக் கரியும் முட்டையும் சேர்த்துத் தேய்ப்பார்கள். அது ஈரத்துக்கு மட்டுமல்ல, தண்ணீரில் வழுக்கிக்கொண்டு ஓடவும்.

வில்லுக்கு ஆகுமா என்றால், ஆகாது என்றுதான் சொல்வேன். காய்ச்சாத அண்டி எண்ணெய் தோலைப் பொக்களமாக்கிவிடும். சேராங்கொட்டைப் பால் பட்டால் எப்படிப் புண்ணாகும் என்று தெரிந்தவர்களுக்கு விளங்கும். இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள். வள்ளத்தை யாரும் நாள் முழுக்கக் கையில் பிடித்துக் கன்னத்தோடு சேர்த்து நிற்பதில்லை. தவிர, வள்ளத்துக்கு ஆண்டுதோறும் திரும்பப் பூசுவார்கள், எடையைப் பற்றிக் கவலையில்லை. வில்லின் நுனியில் ஒரு தடித்த பூச்சு கூடினால் அம்பின் வேகம் குறையும் அல்லவா?

ஏலத்தோட்டம் (கம்பம்)

சாளை எண்ணெய் பூசிய வில்லோடு போனால் இலக்குப் பலகை வரை பூனைகள் துணைக்கு வரும்.

சரி, வேடிக்கை இருக்கட்டும். ஆங்கிலேயரை எதிர்த்த பழசிராஜாவின் படையில் இருந்த குறிச்சியர் என்ற வயநாட்டுப் பழங்குடியினர் 1802இல் பனமரம் கோட்டையைத் தாக்கியபோது கையில் வில்தான். வயநாட்டு மழையைவிடப் பெரிய மழையா நம்முடையது? அவர்கள் எந்தப் பெயின்ட் கடைக்குப் போனார்கள்? நாம் ஒரு குச்சிக்கு இத்தனை விசாரம் செய்கிறோம்.

முள்மூங்கில் (கூடலூர்)

குறிச்சியர் தலைவர் தலக்கல் சந்துவின் ஆட்களோடு நம்மை ஒப்பிடாதீர்கள் அண்ணா. தினமும் வில்லைத் தொடுகிறவனுக்கு அது எப்போது சோர்ந்திருக்கிறது என்று இழுக்கும்போதே தெரியும். கெட்டுப்போனால் இன்னொன்று செய்யக் காடு பக்கத்தில் இருக்கிறது. ஒரு கட்டையை ஒரு வருடம் காயப்போட்டு, விடுமுறையில் மட்டும் செதுக்கி, மாதம் இரண்டு தடவை எய்கிறவர்களுக்குத்தான் பூச்சு வேண்டும்.

நான் மூங்கிலில் செய்கிறவள், சடச்சி பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் மூங்கில் பட்டையை முதுகாக ஒட்டி வில் செய்கிறவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் இரண்டு விஷயம். மூங்கிலின் வெளித்தோல் தானாகவே நல்ல தடுப்பு. அதில் மெழுகும் மணற்சத்தும் (சிலிக்கா) இருக்கின்றன. எந்தப் பூச்சும் அதன் மேல் ஒட்டாது, சில மாதத்தில் செதில் செதிலாக உரிந்து வரும். தோலை அப்படியே விட்டுவிட்டு, அறுத்த விளிம்புகளையும் கணுக்களையும் மட்டும் பூசினால் போதும். ஈரம் புகுவது அங்கேதான்.

இரண்டாவது, புழு. மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்துக்காக வண்டு துளைத்து மாவாக உதிர்க்கும். அதை மேல்பூச்சால் தடுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம், முட்டை ஏற்கெனவே உள்ளே இருக்கும். வெட்டியதும் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பாட்டிகள் அடுப்புக்கு மேல் பரணில் போட்டுப் புகையேற்றியதும் இதற்குத்தான். திருச்சூர் பக்கம் பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம் மூங்கில் பதப்படுத்துவது குறித்து நிறைய வேலை செய்திருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

ஆளிவிதை (பொள்ளாச்சி)

எல்லோரும் சேர்ந்து எண்ணெயைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டீர்கள். அட்டவணையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அட்டவணையில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

வில் ஓர் அம்புக்கு ஒருமுறை வளைகிறது. ஆயிரம் அம்பு, ஆயிரம் வளைவு. மேலே கண்ணாடி போல ஒரு படலம் போட்டால் அது எத்தனை நாள் பொறுக்கும்? மெலமைனும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரும் பூசிய வில்லில் குறுக்கே மயிரிழை மயிரிழையாக விரிசல் வந்ததை நானே பார்த்தேன். வந்த பிறகு என்ன செய்வீர்கள்? முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். சுரண்டினால் மரமும் சேர்ந்து போகும், வளைவு மாறும். எண்ணெய்க்கு அந்தத் தொல்லையே இல்லை. கீறல் விழுந்த இடத்தில் ஒரு சொட்டு, கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு, முடிந்தது.

அரக்கு மட்டும் உத்தமமா? வியர்வைக் கையோடு பிடியைப் பிடித்துப் பாருங்கள். கைக்கிருமி நாசினி பட்ட விரல் பட்டால் அந்த இடத்தில் அரக்கு கரைந்துவிடும், ஏனென்றால் அதுவும் ஆல்கஹால்தானே. மழைத்துளி தங்கினால் வெள்ளையாகத் திட்டுப் படரும். இழைப்புளி ஐயா இதற்குப் பதில் சொல்லட்டும்.

இழைப்புளி (செங்கோட்டை)

கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

மெலமைன், லாக்கர் இரண்டும் வில்லுக்கு ஆகாது. நாற்காலிக்கு, மேசைக்கு. அவை கடினமாக இறுகுவதற்காகச் செய்யப்பட்டவை. கடையில் அவற்றைத்தான் முதலில் காட்டுவார்கள், சீக்கிரம் காய்ந்து பளபளக்கும் என்பதால். வளையும் மரத்துக்கு எண்ணெய் அதிகமாகச் சேர்த்த வார்னிஷ் வேண்டும். படகு வார்னிஷ் என்று விற்பது அதுதான். கப்பலின் பாய்மரக் கம்பங்கள் காற்றில் வளைவதால் அதற்கென்று உருவானது. மெதுவாகக் காயும். காய்ந்த பிறகும் நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் இடம் கொடுக்கும். அந்த இடம் கொடுக்கும் குணம்தான் நமக்குத் தேவை. எண்ணெய் கலந்த ஒற்றை டப்பா பி.யு. (பாலியூரித்தேன்) வார்னிஷும் பரவாயில்லை.

ஆகவே என் முறை: கீழே அரக்கு, மேலே படகு வார்னிஷ். அரக்கு ஆவியை அடக்கும். வார்னிஷ் வியர்வை, ஆல்கஹால், மழைத்துளி ஆகியவற்றிலிருந்து அரக்கைக் காக்கும். பொள்ளாச்சிக்காரர் சொன்ன குறைகள் எல்லாம் வெறும் அரக்குக்கு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாதாரண அரக்கில் இயற்கையாகவே மெழுகு உண்டு. மெழுகுள்ள அரக்கின் மேல் வார்னிஷ் சரியாகப் பிடிக்காது. கடையில் புட்டியில் தயாராக விற்கும் பாலிஷில் மெழுகு இருக்கும். தட்டரக்கை நீங்களே கரைத்துக் கண்ணாடிப் புட்டியில் ஆடாமல் சில நாள் வைத்துவிடுங்கள். மெழுகு கலங்கலாக அடியில் படியும். மேலே தெளிவாக நிற்பதை மட்டும் இறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். மெழுகு நீக்கிய தட்டரக்கு என்றே விற்பதும் உண்டு, விலை கூடுதல்.

கரைத்த அரக்கை நெடுநாள் வைத்துக்கொள்ள முடியாது. ஆறு மாதம் ஆனதைக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மறுநாளும் நகம் பதிந்தால் கொட்டிவிடுங்கள்.

கடைகளில் ஸ்பிரிட் எளிதாகக் கிடைக்காது; கள்ளச்சாராயப் பயத்தால் அதற்கு அனுமதி, கணக்கு எல்லாம் உண்டு. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலும் அரக்கு கரையும், கொஞ்சம் நேரம் பிடிக்கும். எதுவானாலும் சன்னல்களைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். பாலிஷுக்கு விற்கும் ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கலாம், அது கண்ணைக் கெடுக்கும் விஷம்.

பிடியில் ஈட்டி இருக்கிறது என்றீர்கள். ஈட்டிக்குள் இருக்கும் எண்ணெய்ப் பசை வார்னிஷையும் ஆளிவிதையையும் காயவிடாது. நாள் கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும். அரக்கு அதற்கும் மருந்து: ஆல்கஹாலில் துணியை நனைத்து ஈட்டியைத் துடைத்துவிட்டு உடனே ஒரு அரக்குப் பூச்சு. அதன் மேல் எது வேண்டுமானாலும் காயும். துடைக்கும்போது துணியில் கருஞ்சிவப்புச் சாயம் இறங்கும். அது சடச்சியின் வெளிர் மரத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் போகாது.

சடச்சிக்கொம்பு (கொழிஞ்சாம்பாறை)

அப்படியே செய்கிறேன் ஐயா. தட்டரக்குக்குச் சொல்லிவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை பூசிவிடலாம் என்று நினைக்கிறேன். வெளியே மழை விடாமல் பெய்கிறது, நான் எப்படியும் வீட்டில்தான் இருப்பேன்.

ஈரமானி (பாலக்காடு)

நிறுத்துங்கள்! எல்லோரும் எதைப் பூசுவது என்றே பேசினோம், எப்போது பூசுவது என்று யாரும் கேட்கவில்லை.

இன்று உங்கள் வில்லுக்குள் எவ்வளவு ஈரம் இருக்கும்? ஒரு மாதமாக மழைக்காற்றில் வெறும் மரமாக இருக்கிறது. 16, 17 சதவீதத்துக்குக் குறையாது. இப்போது நல்ல பூச்சாகப் பூசினால், அந்த ஈரத்தையே உள்ளே வைத்து வாயை மூடுகிறீர்கள். ஈரம் உள்ளே வர எவ்வளவு தாமதிக்குமோ அவ்வளவு தாமதம் வெளியே போகவும் ஆகும். நல்ல பூச்சு, தப்பான மாதத்தில், கெட்ட பூச்சைவிட மோசம்.

அரக்குக்கும் இந்தக் காற்று ஒத்துக்கொள்ளாது. ஆல்கஹால் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் உள்ள நீர் அதன் மேல் படிந்து பூச்சு பால்போல வெளுக்கும்.

கார்த்திகை கடந்து காற்று திரும்பும் வரை பொறுத்திருக்கலாம். பொறுமை இல்லையென்றால் ஒரு பெட்டி கட்டுங்கள். வில்லை விட நீளமாகத் தெர்மோகோல் பலகையாலோ பழைய ஒட்டுப்பலகையாலோ பெட்டி, அடியில் ஒரு பழைய குண்டு பல்பு, மேலும் கீழும் சிறு துளைகள். பல்பு தெர்மோகோலையும் மரத்தையும் தொடாதபடி தகரத்தால் மறைப்பு வைக்க வேண்டும். வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் எரியட்டும். வெளியே 26 டிகிரியில் 88 சதவீதம் ஈரமாக இருக்கும் காற்றை 36 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 50 ஆகிவிடும். தண்ணீரை எடுக்கவில்லை, சூட்டினால் காற்றின் கொள்ளளவுதான் கூடுகிறது. 50 என்றால் மரத்தில் 9 சதவீதம். நமக்கு வேண்டியது அதுவே. 40 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள், மரம் வறண்டு நொறுங்கும் நிலைக்குப் போய்விடும். ஈட்டி ஒட்டிய பசையையும் அது சோதிக்கும்.

எப்போது போதும் என்று தெரிந்துகொள்ள மின்னணுச் சமையல் தராசு போதும். தினமும் ஒரே நேரத்தில் வில்லை நிறுத்து எழுதி வையுங்கள். எடை இறங்கிக்கொண்டே வந்து நின்றுவிடும். நின்ற பிறகும் இரண்டு மூன்று நாள் அதே எடை காட்டினால் வெளியே எடுத்து, ஆறியவுடன், அன்றே முதல் பூச்சு. அடுத்த பூச்சுக்கு இடையிலும் பெட்டிக்குள்ளேயே வைக்கலாம், பல்பை அணைத்து அரை மணி ஆனபின்.

முக்கியமாக, ஈரம் இறங்கும்வரை வில்லை நாணேற்றாதீர்கள்.

இழைப்புளி (செங்கோட்டை)

இது சரியான பேச்சு. எங்கள் பட்டறையில் சாரல் மாதங்களில் பாலிஷ் வேலையே எடுக்க மாட்டோம். எடுத்தால் தவிட்டுக் கணப்புப் போட்டு அறையைச் சூடாக்கிக்கொண்டுதான். காரணத்தை இவ்வளவு கணக்காக யாரும் சொன்னதில்லை.

பிசின்கை (சித்தூர்)

நடுவில் வருகிறேன். எல்லாவற்றுக்கும் எபாக்ஸி பூசிவிட்டால் என்ன? படகுக்கே பூசுகிறார்கள்.

ஈரமானி (பாலக்காடு)

ஈரத்தடுப்பில் முதல் தரம், மறுக்க மாட்டேன். மூன்று குறைகள்: கனம், வெயிலில் மஞ்சளாகிச் சுண்ணாம்பாக உதிர்வது, ஒருமுறை பூசினால் எடுக்க முடியாதது. முதுகில் தோலோ நரம்போ, மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசையால் ஒட்டிய வில்லாக இருந்தால் நானே அதைப் பற்றி யோசிப்பேன். வச்சிரம் ஈரத்தில் இளகிவிடும், அங்கே பாதுகாப்பு உயிர்ப் பிரச்சினை. ஒற்றைக் கட்டை வில்லுக்குத் தேவையில்லை.

ஆளிவிதை (பொள்ளாச்சி)

வார்னிஷில் விரிசல் வந்தால் அது பூச்சில் மட்டுமா, மரத்திலுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? எண்ணெய் பூசிய வில்லில் மரம் கண்ணுக்கு நேரே தெரியும்.

முள்மூங்கில் (கூடலூர்)

பஞ்சு. ஒரு பஞ்சுருண்டையை எடுத்து முதுகில் நுனியிலிருந்து பிடி வரை மெல்ல இழுங்கள், திரும்ப எதிர்த்திசையிலும். நார் எழும்பியிருந்தால் பஞ்சு அங்கே மாட்டி இழை தொங்கும். மாட்டவில்லை என்றால் விரிசல் பூச்சோடு நிற்கிறது. வயிற்றுப் பக்கத்தில் பஞ்சு உதவாது. அங்கே நார் நசுங்கிக் குறுக்கே சன்னமான மடிப்புக் கோடாகத் தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் எய்வதை நிறுத்திவிட்டு இங்கே படம் போடுங்கள்.

ஆளிவிதை அண்ணா சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. வார்னிஷ் கண்ணாடி போலப் பளபளத்தால் சின்ன மாற்றங்கள் கண்ணுக்குப் படாது. கடைசிப் பூச்சை மிக மெல்லிய இரும்புப் பஞ்சால் தேய்த்து மங்கலாக்கிவிடுங்கள்.

பூசும் முன் ஒரு சோதனை: வில்லில் சீவிய மிச்சத்தில் மெல்லிய பட்டை ஒன்று இருக்கும் அல்லவா, அதில் இதே வரிசையில் பூசி, ஒரு வாரம் கழித்து வில்லைவிட அதிகமாக வளைத்துப் பாருங்கள். பூச்சு வெடித்தால் அந்த டப்பா கதவுக்குப் போகட்டும்.

சடச்சிக்கொம்பு (கொழிஞ்சாம்பாறை)

பெட்டி தயாராகிறது. பழைய ஒட்டுப்பலகை, தகர டப்பாவை வெட்டி மறைப்பு, துணிக்கடைக்காரரிடம் வாங்கிய குண்டு பல்பு. வில் 612 கிராமில் ஆரம்பித்திருக்கிறது. எடை நிற்கும்வரை காத்திருக்கிறேன். அதன் பின் அரக்கு மெல்லியதாக ஐந்து ஆறு தடவை, மேலே படகு வார்னிஷ் இரண்டு தடவை. வார்னிஷ் கட்டியாக இருந்தால் டர்பன்டைன் கலந்து துணியால்தான் தேய்ப்பேன், தூரிகை வேண்டாம். ஆளிவிதை அண்ணனின் முறையைப் பட்டையின் மறுபாதியில் பூசி இரண்டையும் திண்ணையில் மாட்டி எடை நிறுத்துப் பார்க்கிறேன். ஐப்பசியில் எண்கள் தருகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். நுனியில் நாண் உட்காரும் வெட்டுக்குள்ளும் இதே பூச்சுதானா?

இழைப்புளி (செங்கோட்டை)

அங்கேதான் முதலில், அதிகமாக. நுனியில் மரத்தின் வெட்டுமுகம் திறந்திருக்கிறது. பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக ஈரம் குடிக்கும் இடம் அது. அரக்கை அங்கே குடிக்கும்வரை கொடுங்கள், குடிப்பதை நிறுத்திய பிறகு மற்ற இடங்களுக்கு வாருங்கள். வெட்டுக்குள் வார்னிஷ் தேங்கிக் கட்டி பிடிக்காமல் நூலைப் போட்டு இழுத்துச் சுத்தம் செய்துவிடுங்கள். கடைசிப் பூச்சுக்குப் பின் ஒரு வாரமாவது பொறுத்து, வெட்டுக்குள் தேன்மெழுகு தடவி நாணேற்றுங்கள். அதற்கு முன் ஏற்றினால் நாண் வார்னிஷில் ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது பூச்சையும் பெயர்த்துக்கொண்டு வரும்.